நாலாவது லைன்

"தொரை இன்னிக்காவது நேரத்துக்கு வருவாரா, இல்ல எல்லாம் முடிஞ்சப்புறம் போட்டோவுக்கு மட்டும் வந்து நிப்பாரா?"

சவுண்ட் மிக்ஸரின் மேல் போட்டிருந்த துணியை உருவியபடி கேட்டான் கமலக்கண்ணன்.

"அருண் வந்துடுவான்டா. லாஸ்பேட்டையிலருந்து வரணும் இல்ல?" என்றான் ராஜவேல். பேண்டின் தலைவன், பேஸ் கிடார் வாசிப்பவன்.

"நான் மட்டும் என்ன பக்கத்து வீட்டுலருந்தா வரேன்? மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஷிப்ட் முடிச்சிட்டு வந்து, உன்கூட நாலு ஸ்பீக்கர் தூக்கல?"

ராஜவேல் பேச்சை மாற்றினான். "ரெயூனியன் தீவுலருந்து கச்சேரி நடத்துறவரு ஒருத்தரு வந்திருக்காரு. முன்வரிசையில உக்காருவாரு. அவருக்குப் புடிச்சிட்டா அங்க மூணு ஊர்ல நமக்கு நிகழ்ச்சி. இன்னிக்கு எதுவும் சொதப்பக் கூடாது."

"என் பக்கம் சொதப்பாது."

மரிய அருணும் கமலக்கண்ணனும் முத்தியால்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்துதான் இந்த பேண்டை ஆரம்பித்தார்கள். அவர்கள் வாசிக்கும் டப் ரெகே இசையில் மிக்ஸரில் இருப்பவனும் வாசிக்கிறவன்தான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாத்தியத்தை மூடுவான், இன்னொன்றை எதிரொலியாக இழுத்து நீட்டுவான். அருண் கிடாரில் 'ச்சக்' என்று ஒரு வெட்டு வெட்டினால், கமலக்கண்ணன் அதைப் பிடித்துக் கூட்டத்தின் தலைக்கு மேலே சுற்ற விடுவான். பார்ப்பவர்களுக்கு இருவரும் பந்து விளையாடுவது போல இருக்கும்.

அதெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பு. இப்போது ஒத்திகைக்குக் கூப்பிட்டால் அருண் வருவதில்லை. வந்தாலும் கம்பி அறுந்துவிட்டது, தலை வலிக்கிறது என்று ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். ஒரு பெட்டி தூக்குவதில்லை. போன மாதம் கமலக்கண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவன், பந்தியில் இலை போட்டதும் "அவசர வேலைடா" என்று எழுந்து போய்விட்டான். ஒரே பொட்டலத்தைப் பிரித்து இருவரும் சாப்பிட்ட காலம் உண்டு.

"நம்ம வீட்டுச் சோறு அவருக்கு ஆவாதா?" என்று அன்று கேட்டாள் கமலக்கண்ணனின் மனைவி சந்திரகலா.

மேடை போட்டிருந்த பழைய பிரெஞ்சு வீட்டு முற்றத்தில் நாற்காலிகள் நிறைந்த பிறகுதான் அருண் வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் கிடாரில் வயரைச் செருகினான்.

"ஒரு தடவ வாசிச்சுக் காட்டு. சவுண்டு பாக்கணும்" என்றான் கமலக்கண்ணன்.

"எப்பவும் வெக்கிற மாதிரியே வெய்யி. நீ பாக்காத சவுண்டா?"

சொல்லிவிட்டு மேடை ஏறிவிட்டான்.

மிக்ஸரில் நாலாவது லைன் அருணின் கிடாருக்கு உரியது. கமலக்கண்ணன் அதை மூடினான். இன்று முழுக்கத் திறப்பதில்லை. டப்பில் ஒரு வாத்தியம் காணாமல் போவது குற்றமே இல்லை, கேட்பவர்கள் அதையும் ரசிப்பார்கள். தெரிய வேண்டியவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

முதல் பாட்டு ஆரம்பித்து அரை நிமிடத்தில் அருணின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. கூட்டத்தைத் தாண்டி மிக்ஸரைப் பார்த்தான். கமலக்கண்ணன் கண்ணை எடுக்கவில்லை. 'பாரு. நல்லா பாரு.' அருண் தலையைக் குனிந்துகொண்டான். அதன் பிறகு நிமிரவே இல்லை. சத்தமே வராத கிடாரின் மேல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

கமலக்கண்ணனின் விரல்களில் கோபம் இறங்கியிருந்தது. டிரம்ஸை உடைத்து எதிரொலியில் வீசினான். பேஸை மட்டும் தனியே விட்டுச் சுவர்களை அதிர வைத்தான். ஏழு பாட்டு. கடைசிப் பாட்டில் ரெயூனியன்காரர் எழுந்து நின்று கை தட்டினார்.

ராஜவேல் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். "மூணு இல்ல, அஞ்சு ஊருடா! கிடாரே இல்லாம ஏழு பாட்டு போக என்னா தைரியம்னு அந்தாளு ஆடிப் போயிட்டாரு. அருண்கிட்ட முன்னாடியே சொல்லிட்ட இல்ல?"

"இல்ல."

ராஜவேலின் சிரிப்பு நின்றது. "தப்புடா. அவ்ளோ பேரு முன்னால அவன பொம்மையாட்டம் நிக்க வெச்சிட்டியே."

"நின்னா என்ன? அஞ்சு ஊரு கெடச்சுது இல்ல, போய்க் கொண்டாடு."

ராஜவேல் நகர்ந்தான். அவனுக்குப் பின்னால் அருண் வந்துகொண்டிருந்தான். கமலக்கண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். அடிக்கட்டும், சட்டையைப் பிடிக்கட்டும். ஆறு மாதமாக நெஞ்சில் கிடப்பதையெல்லாம் அப்போது கேட்டுவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

அருண் கிட்டே வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"கழுத்து நரம்பு போயி, ஆறு மாசமா இந்த வலது கையில உணர்ச்சியே இல்லடா. சொன்னா பேண்ட விட்டு அனுப்பிடுவீங்கன்னு பயந்துக்கினு, அசிங்கப்படப் போறோம்னு தெரிஞ்சேதான் மேடை ஏறனேன். நீ ஒருத்தன்தான் புரிஞ்சிக்கினு, லைன மூடி என் மானத்தக் காப்பாத்தின. எப்படிடா கண்டுபுடிச்ச?"

கமலக்கண்ணன் தான் தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்து அருணை உட்கார வைத்தான்.

"பதினஞ்சு வருசமா உன்னப் பாக்கறேன். எனக்குத் தெரியாதாடா?" என்றான்.