வைஃபை பட்டியல்

புதிய ஏற்பாட்டின்படி, டவரில் நெரிசல் கூடினால் போன்கள் தாமாகவே அருகிலுள்ள வீட்டு வைஃபைக்கு மாறிவிடும். எந்த எண், எந்த எண்ணோடு பேசியது என்ற பட்டியல் அந்த வீட்டுக்காரருக்கு வரும்.

தன் வீட்டுப் பட்டியலில் தினமும் ஒரு தெரியாத எண் வருவதைக் கண்ட மெர்சிக்குச் சந்தேகம். யாராவது வீட்டை நோட்டம் விடுகிறார்களோ? கதவைத் திறந்தாள். படிக்கட்டில் எதிர்வீட்டு சுகந்தி போனோடு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க வைஃபைல அம்மாகிட்ட பேசுனா அவருக்குத் தெரிஞ்சிடும்க்கா. அடிப்பாரு.”

மாலையில் சுகந்தியின் கணவன் வந்தான். “உங்க லிஸ்ட்ல என் பொண்டாட்டி நம்பர் வருதா?”

“இல்லையே.”

“காட்டுங்க, பார்க்கலாம்.”

“எங்க வீட்டு லிஸ்ட்டை உங்களுக்கு ஏன் காட்டணும்?”

அவன் முறைத்துவிட்டுப் போனான். மெர்சி கதவைத் தாழிட்டு, பட்டியலில் இருந்த சுகந்தியின் அம்மா எண்ணை அழைத்தாள்.

“உடனே கிளம்பி வந்து உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்கம்மா.”