நல்லாத் தூங்குறா

"ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்குறா சிஸ்டர். குறட்டை வேற," என்றார் என் வீட்டுக்காரர்.

கீமோ ஊசியை என் கையில் குத்தியபடியே நர்ஸ் சிரித்தாள். "அப்போ தூக்க மாத்திரை வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்."

எனக்கோ, இடது மார்பை எடுத்து இந்த மருந்து தொடங்கியதிலிருந்து படுத்தால் உடம்பு தணலாய்க் கொதிக்கிறது. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து, அதன்முன் தரையில் உட்கார்ந்துதான் பொழுதை விடியவைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தலையணை உறையை மாற்றினேன். நான் படுக்கிற பக்கத்துத் தலையணையில் நீளமாய் ஒரு முடி. என் தலையோ முட்டை மாதிரி இருக்கிறது.

"உன்னோடதுதான். வேற யாரோடது?" என்று அதைச் சுருட்டி எறிந்தார்.

அன்றிரவும் ஃபிரிட்ஜ்முன் உட்கார்ந்திருந்தேன். குறட்டை கேட்டது. அவருடையது அல்ல. போய் எட்டிப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு சுவரையே பார்த்துப் படுக்கிற மனுஷன், என் பக்கம் திரும்பியிருந்தார். தலையணையில் என் பழைய நீள முடி பரந்திருக்க, போர்வைக்குள் இருந்தவளின் இடது பக்கம், அவர் கைக்குக் கீழே நிறைவாக ஏறி இறங்கியது.

கொடுத்துவைத்தவள், தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்து துண்டை நனைத்தேன்.