நாற்பது தடவை மோட்டார்

ஒரு மோட்டார் பழுதுபார்க்கும் கடையின் இணையதளத்தில் முகப்புப் பக்கம்தான் ராஜா. பக்கங்களைப் படிக்கத் தேடுபொறி அனுப்பும் சிலந்தி நிரல் வாராவாரம் வந்து வார்த்தைகளை எண்ணும். அதிகம் சொன்ன பக்கத்தை முதலிடத்தில் உட்கார வைக்கும். அதனால் முகப்பு, ‘மோட்டார், மோட்டர், மோட்டாரு’ என்று ஒரு எழுத்துப்பிழையையும் விடாமல் நாற்பது தடவை எழுதி வைத்திருந்தது.

ஒரு வாரம் சிலந்தி எண்ணவில்லை. யாரோ தேடிய கேள்வியைக் கொண்டுவந்து, “மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. என்னண்ணே பண்ணணும்?” என்று கேட்டது.

“ஊர்லயே நம்பர் ஒன் மோட்டார் நாங்கதான்” என்றது முகப்பு, கூச்சமே இல்லாமல்.

அதே தளத்தின் மூலையில் கிடந்த, பழுது நீக்க வழி சொல்லும் பழுதுப் பக்கம், “குழாய்ல காத்து அடைச்சிருக்கும். மேல் மூடியைத் திறந்து தண்ணி ஊத்திட்டு சுவிட்சைப் போடுங்க” என்றது. சிலந்தி அதைத் தூக்கி முதலிடத்தில் வைத்துவிட்டது.

முகப்புக்கு வயிறு எரிந்தது. இவ்வளவுதானா சூட்சுமம் என்று பழைய மோட்டாரையெல்லாம் அழித்தது. ‘தண்ணி ஏறல’ என்று நாற்பது தடவை எழுதிக்கொண்டு காத்திருந்தது.

அடுத்த வாரம் வந்த சிலந்தி முழுவதையும் பொறுமையாகப் படித்தது.

“பாவம், தண்ணி ஏறாம ரொம்பக் கஷ்டப்படுறீங்க போல” என்று சொல்லி, பழுதுப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போனது.