லிஃப்ட்டில் ஏறாதே

"அன்புச்செல்வி, லிஃப்ட் ரிப்பேரா?"

நான்காவது மாடிக்கு மூச்சிரைக்க வந்து நின்றவளிடம் கேட்டாள் ஸஹானா. ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்து நாலு நாள்தான் ஆகிறது. ஏற்கெனவே இங்கே மற்ற வீடுகளில் வேலை பார்க்கும் அன்புச்செல்வி, இவளிடம் இன்றுதான் சேர்ந்திருக்கிறாள்.

"லிஃப்டு நல்லாத்தான்க்கா கீது. கீழ ஒரு மாமி குந்திக்கினு எங்கள ஏற வுட மாட்டேங்கறாங்க. வூட்டு வேலைக்கு வர்றவங்கல்லாம் படியிலதான் போவணுமாம்."

"என்னது!"

ஸஹானா அடுப்பை அணைத்தாள். செருப்புகூடப் போடாமல் இறங்கினாள். "வேணாங்க்கா" என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினாள் அன்புச்செல்வி.

லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார் அபயாம்பாள் மாமி. மற்ற வீடுகளில் வேலை செய்யும் சுப்பம்மாவும் கயலும் அப்போதுதான் படியில் கால் வைத்திருந்தார்கள்.

"மாமி, எந்தக் காலத்துல இருக்கீங்க? இவங்க ஏறினா லிஃப்ட் தீட்டாயிடுமா?"

மாமியின் கத்தி அடுத்த வெண்டைக்காயை நறுக்கியது.

"இப்பவே போலீஸ்ல கம்ப்ளைண்ட் கொடுக்கறேன் பாருங்க!"

கத்தி நின்றது.

"நிஜமாவே கொடுப்பியா?"

"சத்தியமா கொடுப்பேன்!"

"அன்பு, இந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லுடி. பயப்படாதே."

அன்புச்செல்வி மாமியையே பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அசோசியேஷன் செகரட்டரி சாருதான்க்கா. வாக்கிங் போய்ட்டு வரசொல்ல, லிஃப்ட்ல நாங்க தனியா இருந்தா கைய வெப்பாரு. கத்துனா, நகைய திருடிட்டேன்னு உள்ள தள்ளிடுவேன்னு மிரட்டுவாரு. யாராண்ட போய்ச் சொல்றது?"

"என்னாண்டயும்தான்" என்றாள் சுப்பம்மா. கயல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன மாசம் லிஃப்ட் கதவு திறக்கறச்சே நானே பார்த்தேன்" என்றார் மாமி. "அன்னிலேர்ந்து இங்கே உக்காந்துண்டு இவாளைப் படியில அனுப்பறேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை."

ஸஹானா லிஃப்ட்டையும் படியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தப்புப் பண்ணினவர் ஜம்முனு லிஃப்ட்ல போவார். இவங்க படி ஏறணுமா மாமி?"

"கூடாதுதான். கெளம்பு. நானும் வரேன்."

ஒரே ஆட்டோவில் ஐந்து பேர். அன்புச்செல்வியின் மடியில் மாமி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாமி "முருகா!" என்று அலற, சிரிப்பில் வண்டியே குலுங்கியது.

"யம்மாடி, இன்னா கனம்! நாளைலேந்து நீங்க படியேறுங்க மாமி!"

அதற்குச் சத்தமாகச் சிரித்தது மாமிதான். அழுத முகத்தோடு கயலும் சிரித்தாள்.

மகளிர் காவல் நிலையத்தில் பெண் எஸ்.ஐ. எல்லோரையும் உட்காரவைத்து, மூன்று பேர் சொன்னதையும் நிதானமாக எழுதிக்கொண்டார்.

"ரொம்ப தைரியமா வந்திருக்கீங்க. நேர்ல பார்த்த சாட்சி யாராவது உண்டா?"

"நான் பார்த்தேன்" என்று எழுந்தார் மாமி. "எந்தக் கோர்ட்ல வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"சந்தோஷம்மா. அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது பழைய பகைன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது. நீங்க அவருக்கு யாரு?"

மாமி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"ஆத்துக்காரி."