கப்பல் வேலை

"அப்பா எங்கேன்னு கேக்கறாங்க தாத்தா."

பேத்தி சாதாரணமாகத்தான் சொன்னாள். பெரியவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பள்ளி எழுத்தர் அம்மாள் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். சேர்க்கைப் படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. வேலைக்குப் போகும் முன் மருமகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். தந்தையின் கையெழுத்து மட்டும்தான் இல்லை. கையெழுத்து இல்லையென்றால் காரணம் எழுத வேண்டும். இன்றுதான் கடைசி நாள்.

இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே பேசும் மொழியில் பெரியவருக்கு ஒரு சொல்கூட ஏறவில்லை. எட்டு வயதுப் பேத்திக்கு அடுக்குமாடிப் படிக்கட்டில் விளையாடியே வந்துவிட்டது. இவர் தமிழில் சொல்வதை அவள் அங்கே சொன்னாள். அங்கே கேட்பதை இவரிடம் சொன்னாள்.

அவர் குரலைத் தணிக்கவில்லை. யாருக்குப் புரியப் போகிறது?

"கப்பல்ல வேலைன்னு சொல்லு. ஜெயில்ங்கற வார்த்தை உன் வாயில வரவே கூடாது பாப்பா. இன்னும் நாலு வருஷத்துக்கு உங்கப்பன் கப்பல்லதான் இருக்கான்."

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். பதிவேட்டில் ஒன்று ஏறிவிட்டால் அது ஆளுக்கு முன்னால் போய் எல்லா வாசலிலும் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மகன் செய்த காரியம் பத்திரிகையில் வந்த மறுவாரம், பழைய பள்ளிக்கூடத்தில் பேத்தியின் பெஞ்சில் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போனது. வீட்டை விற்று, எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தது இந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார்.

பேத்தி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"என்ன கப்பலாம் தாத்தா?"

"சரக்குக் கப்பல்."

"எப்ப வருவாராம்?"

"சரக்கு இறக்கினாத்தானே வர முடியும்? சொல்ல முடியாதுன்னு சொல்லு."

"போன்ல பேசுவாரான்னு."

"நடுக்கடல்ல ஏது போனு?" அவருக்குக் காது மடல் சூடேறியது. "இவளுக்கு எதுக்கு இத்தனை கேள்வி? போலீஸ் ஸ்டேஷன்ல இருக்க வேண்டியவ வழி தவறி இங்க வந்து உக்காந்திருக்கா. மூஞ்சியைப் பாரு, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி."

"அதையும் சொல்லணுமா தாத்தா?"

"அதைச் சொல்லாதே."

எழுத்தர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். புடைத்த படிவக் கட்டு ஒன்றை எதற்கோ இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து எழுதத் தொடங்கினாள்.

கப்பல் என்று எழுத எத்தனை எழுத்து வேண்டியிருக்கும்? அவள் எழுதிக்கொண்டே போனாள். ஒரு வரி முடிந்தது. இரண்டாவது வரிக்குப் போனாள்.

பெரியவர் தலைகீழாகத் தெரிந்த அந்த எழுத்துகளை வெறித்தார். கொக்கியும் சுழியுமாக இருந்தன. ஊரில் அவர் பார்வைக்குத் தப்பி ஒரு புள்ளி பதிவேட்டில் ஏறியதில்லை.

"என்ன எழுதறா பாரு. கப்பல்னுதான் எழுதறாளா?"

"எனக்குப் பேசத்தான் தெரியும் தாத்தா. படிக்கறதுக்குத்தானே சேர வந்திருக்கேன்."

பக்கத்து மேஜை இளைஞன் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டான். எழுத்தர் அம்மாள் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். அவன் படிவத்தைப் பார்த்தான், பேத்தியைப் பார்த்தான், நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தான்.

போச்சு என்று நினைத்தார். படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாமா? இன்னொரு ஊர் பார்க்கலாமா? இன்னொரு ஊருக்குப் போக விற்பதற்கு இன்னொரு வீடு இல்லை.

முத்திரை இரண்டு முறை விழுந்தது.

சேர்க்கைச் சீட்டைக் கிழித்து எழுத்தர் அம்மாள் எழுந்தாள். அதுவரை எல்லாவற்றையும் பேத்தி கையில்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதை மேஜையைச் சுற்றி வந்து பெரியவரிடம் நீட்டினாள். பக்கத்து மேஜைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"கப்பல்ல போறவங்க ஒன்பது மாசத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வந்துருவாங்க ஐயா. நாலு வருஷம் தாங்காது. கிளாஸ் டீச்சரே கேட்ருவாங்க. வெளிநாட்டுல ஒப்பந்த வேலை, அஞ்சு வருஷம், நடுவுல லீவு கிடையாதுன்னு எழுதியிருக்கேன். வீட்டுல எல்லாரும் அதையே சொல்லுங்க. பாப்பாகிட்டயும் சொல்லி வைங்க."

பிசிறில்லாத தமிழ்.

பெரியவரின் கை சீட்டை வாங்கிக்கொண்டது. முதுகு மட்டும் நிமிர்ந்தபடியே நின்றது. விளக்கெண்ணெய் தொண்டை வரை வந்து நின்றது.

எங்கே போனாலும் தமிழ் பேசும் இருவர் எதிர்ப்பட்டால் இரண்டாவது வாக்கியமாக ஒன்று கேட்டுக்கொள்வார்கள். நீங்க எந்த ஊரு? பிறகு எந்தத் தெரு, யார் வீடு என்று அது நீளும். அவருடைய நாக்கு நுனிவரை பழக்கத்தில் அது வந்துவிட்டது.

கேட்கவில்லை. கை மட்டும் தானாகக் குவிந்தது. ஒரு பெண்ணுக்கு முன்னால் அது குவிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

எழுத்தர் அம்மாளும் கேட்கவில்லை. தன் நாற்காலிக்குத் திரும்பி, அடுத்த எண்ணை அந்த ஊர் மொழியில் கூப்பிட்டாள்.