மொழி: இந்தியா

“பஹாசா இந்தியான்னு ஒரு மொழியே இல்லலா, அக்கா.”

பள்ளி அலுவலகக் கிளார்க் அதிரா பதினான்கு விண்ணப்பப் பாரங்களைக் குமுதாவின் பக்கம் தள்ளினாள்.

குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் அரைநாள் லீவு கெஞ்சி வாங்கி, பாலத்து நெரிசலில் வெந்து வந்தது இதைக் கேட்கவா?

பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் இந்த இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டு. பதினான்கு பேர் கேட்டால் இல்லை. இன்று பன்னிரண்டு மணிக்குள் பாரங்கள் சேராவிட்டால் மகள் தனுஜாவுக்கு ஆறாம் ஆண்டோடு தமிழ் முடிந்தது.

மூன்று வாரமாக நாய் படாத பாடு. ஒருத்தி பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது என்றாள். ஒருவர் தமிழ் சோறு போடுமா என்றார். ராமதாஸ் அண்ணனுக்குப் பேனாவைக்கூட இவள்தான் கையில் திணித்தாள்.

தலைமையாசிரியர் மறுத்தால் படித்துக் காட்ட, அரசியலமைப்புச் சட்டத்தின் நூற்று ஐம்பத்திரண்டாவது பிரிவைப் போனில் வைத்திருந்தாள். பிற மொழி கற்பதை யாரும் தடுக்கக் கூடாதாம். இங்கே யார் தடுத்தது? சட்டமே வழிவிட்டு நிற்கிறது. மொழி எது என்று கேட்ட இடத்தில் இந்தியா என்று எழுதி வைத்திருக்கிறது நம் கூட்டம்!

பசாரில் யாராவது நம் பேச்சை பஹாசா இந்தியா என்றால் மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

அதிரா ஒரே ஒரு பாரத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அதில் தமிழ் என்று ஒழுங்காக எழுதியிருந்தது. நாசி கண்டார் சோற்றுக்கடை ஆசியா பீவி, மகள் ஷாஹிராவுக்காகக் கொடுத்தது. ஒரு பெயர் குறைகிறதே என்று குமுதா நேற்றுதான் அவரிடம் போனாள். பெற்றோர் வாட்சாப் குழுவில்கூட அவர் இல்லை. வீட்டில் தமிழ்தான் பேசுவீர்களா என்று வேறு அவரைக் கேட்டுத் தொலைத்திருந்தாள். இப்போது முகம் சுட்டது.

மற்றவர்கள் நேரில் வந்து, திருத்திக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மணி பத்தே முக்கால்.

குழுவைத் திறந்தாள். எல்லாரும் படித்தவர்கள்தானே, ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியாதா என்று காரசாரமாகத் தட்டினாள். அனுப்பப் போனவள் நின்றாள். ஒருவர் இருவர் தவறலாம். அத்தனை பேருமா, அதே தவற்றையா? இந்தக் கூத்தை யார் ஆரம்பித்து வைத்தது?

பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே மேலே போனாள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய போட்டோ ஒன்று. நிரப்பிய மாதிரிப் பாரம். இனம்: இந்தியா. மொழி: இந்தியா. அடியில், ‘இதைப் பார்த்து அப்படியே எழுதுங்க, தப்பே வராது.’

போட்டவர் பெயரைத் தேடினாள். காணோம்.

நாமே அனுப்பியதற்கு வாட்சாப் பெயர் போடுவதில்லை.