க்ளைமாக்ஸ் அம்மா கையில்

“வெளிய போடி. இனிமே எனக்குப் பொண்ணே கிடையாது” என்று அம்மா கை ஓங்கினாள். மகள் கண்ணீரோடு கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஓங்கிய கை இறங்கவே இல்லை.

“கட்” என்று பெருமூச்சு விட்டாள் இயக்குநர்.

காலையிலிருந்து இதே கூத்துதான். காலமெல்லாம் திரையில் தாய் வேடமே கட்டி, நேரிலும் எல்லோருக்கும் ‘அம்மா’ ஆகிப்போனவர் அந்த நடிகை. எத்தனையோ கதாநாயகர்களின் கன்னத்தைப் பதம் பார்த்த கை, இந்தப் பெண்ணிடம் மட்டும் முரண்டு பிடித்தது.

காரணம் தனக்குத் தெரியும் என்று இயக்குநர் நினைத்தாள். படம், இரண்டு பெண்கள் காதலிக்கும் காமெடி. மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, காதலி துணி அலமாரிக்குள் தும்மலை அடக்கிக்கொண்டு நிற்பாள். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, ஒப்புக்கொண்ட பாவத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறார்.

“பிடிக்கலைன்னா சொல்லிடுங்கம்மா” என்றாள்.

“பிடிக்கலைன்னு நான் எப்பச் சொன்னேன்? இந்த வசனம்தான் நாக்குல நிக்க மாட்டேங்குது” என்று அம்மா எழுந்து போய்விட்டார்.

அந்த வசனத்தையும் அடியையும் நுழைத்தவர் தயாரிப்பாளர். கன்னத்தில் ஒன்று விழாத குடும்பப் படம் ஓடாது என்பது அவருடைய வேதம்.

சாப்பாட்டு வேளைக்குச் சித்தி வந்து சேர்ந்தார். தினமும் அம்மாவுக்கு டிபன் கேரியர் கொண்டுவருகிறவர் அவர். லைட்மேன் முதல் கதாநாயகி வரை அத்தனை பேருக்கும் அவர் சித்திதான். அம்மாவின் வீட்டிலிருந்து வருகிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது?

“இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுடுவியா கண்ணு?” என்று சித்தி இயக்குநரிடம் கேட்டார். “எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. போய்ப் பார்க்கணும்.”

“அம்மாவும் வர்றாங்களா சித்தி?”

“வருவா. ஆனா வராண்டாவோட சரி. எங்கம்மாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.”

பெற்றவளுக்கு மகள் மேல் அப்படி என்ன கோபமோ, வீட்டுக்கு வீடு வாசப்படி என்று நினைத்துக்கொண்டாள் இயக்குநர். அதற்குமேல் நினைக்க விடாமல் தயாரிப்பாளரின் கார் வந்து நின்றது.

“க்ளைமாக்ஸை மாத்து” என்றார் வந்ததும் வராததுமாக. “ரெண்டு பொண்ணுங்களும் தனியா வீடு எடுத்து, பாத்திரம் யார் கழுவுறதுன்னு சண்டை போட்டுச் சிரிக்கிறாங்களாம், படம் முடியுதாம். குடும்பத்தோட வர்றவன் ஒத்துக்குவானா? பொண்ணு அழுதுக்கிட்டே மாப்பிள்ளையைக் கட்டிக்கணும். எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வெளிய போகணும்.”

“இந்த மாதிரிப் பொண்ணுங்களை ஒண்ணு சாகடிப்பீங்க, இல்லன்னா கட்டிக் குடுப்பீங்க. என் படத்துலயாவது சிரிச்சுட்டுப் போகட்டும் சார். மாத்த மாட்டேன்.”

“அப்ப நாளைக்கு வேற ஆள் வந்து எடுப்பான்.”

அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் இயக்குநர் படம் முழுவதையும் எழுதியிருந்தாள். அவள் நகரவில்லை.

“வரட்டும். நான் கேமராவை மறிச்சுக்கிட்டு நிப்பேன்” என்றாள்.

தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே அம்மாவின் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கம்மா. குடும்பம்னா என்னன்னு ஊருக்கே நடிச்சுக் காட்டினவங்க நீங்க. உங்க வார்த்தைக்கு நான் கட்டுப்படுறேன். ரெண்டு பொம்பளைங்க கடைசிவரைக்கும் ஒண்ணா, சந்தோஷமா இருக்கிறதாவது. பார்க்கிறவன் நம்ப வேணாமா?”

அடிமடியிலேயே கைவைத்துவிட்டார் மனிதர். அம்மா சொல்லிவிட்டால் அந்தப் படப்பிடிப்பில் மறுபேச்சு கிடையாது. எல்லாம் முடிந்தது என்று இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா சாவகாசமாகக் கை கழுவி வந்தார்.

“முதல்ல அந்த அடிக்கிற சீனைத் தூக்கிடு கண்ணு” என்றார் இயக்குநரிடம். “அந்த வசனத்தை நான் நிஜத்துல கேட்டவ. நடிப்புக்குக்கூட இன்னொரு பொண்ணைப் பார்த்து என்னால சொல்ல முடியாது. க்ளைமாக்ஸ்ல ஒரு வார்த்தை மாத்தாதே. மாத்தினா நான் இந்தப் படத்துல இல்ல.”

இயக்குநர் கண்ணைத் திறந்தாள். தயாரிப்பாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“என்னம்மா நீங்களும் இப்படிப் பேசுறீங்க? அந்த மாதிரி ஒரு வீட்டை நீங்க எங்கயாவது கண்ணால பார்த்திருக்கீங்களா?”

கேரியரை அடுக்கிக்கொண்டிருந்த சித்தியின் கையை அம்மா எட்டிப் பிடித்தார். சித்தி கூச்சத்தோடு இழுத்துப் பார்த்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தும் அம்மா விடவில்லை.

“இவளை என் தங்கச்சின்னு உங்ககிட்ட யார் சொன்னது?”